எங்கள் வீட்டு மூன்று மிஷின்கள்

கம்பம் பக்கமிருந்து ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் அல்லிநகரத்தில் மொட்டை மாடிக் கொடியில் துணி நிற்காது. இரண்டு கிளிப் போட்டாலும் சேலை பக்கத்து வீட்டு மாடியில்தான் கிடக்கும். அப்படி ஒரு காலையில், கழுவிய குழாய் ஒன்றைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆறடி நீளம், சாம்பல் நிறம், வளையம் வளையமாக மடிப்பு வைத்த குழாய். பக்கத்து மாடிக்குத் துணி எடுக்க வந்த மருமகப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, வாஷிங் மிஷின் ஓஸா?"

"இல்லத்தா. ராத்திரி மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்குற மிஷினோடது."

"ஆஸ்துமாவா?"

"கொறட்டை. கொறட்டையில மூச்சு நின்னு நின்னு வருது. அதுக்கு."

அவள் கொஞ்ச நேரம் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றாள். "எங்க மாமாவும்தான் கொறட்டை விடுறாக. நல்லாத் தூங்குறாகன்னுல்ல நாங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

நல்லாத் தூங்குறாக. இதே தெருவில், நாலைந்து வீடு தள்ளி, இதே வார்த்தையை என் அம்மா வாயால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

அப்பா லாரி டிரைவர். தேனியில் ஏற்றுகிற காய்கறி லோடை ராத்திரியோடு ராத்திரியாகக் குமுளி மலை ஏற்றி, விடிவதற்குள் கோட்டயத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவார். வீட்டுக்கு வந்தால் குளியல், சோறு, தூக்கம். அந்தத் தூக்கத்தை யாரும் கெடுக்கக் கூடாது. ரேடியோ போடக் கூடாது, உரலில் இடிக்கக் கூடாது. குறட்டை திண்ணை தாண்டிக் கேட்கும். யாராவது தேடி வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "நல்லாத் தூங்குறாக, பொறகு வாங்க" என்பாள், கொஞ்சம் பெருமையாகவே. பாடுபடுகிற மனுஷன் தூக்கம் என்று அந்தக் குறட்டைக்கு ஒரு மரியாதை இருந்தது.

கோடையில் தெருவே வெளியில்தான் படுக்கும். ஆண்களுக்குக் கயிற்றுக் கட்டில், எங்களுக்குக் கோரைப்பாய். யார் பல்லைக் கடிப்பார், யார் தூக்கத்தில் உளறுவார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். லோடு இல்லாத நாட்களில் அப்பாவும் வாசலில் படுப்பார். அவர் குறட்டை படிப்படியாக ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்துவிடும். அவ்வளவு சத்தத்திலும் அசையாமல் தூங்கும் அம்மா, சத்தம் நின்றதும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். நான் அரைக் கண்ணில் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அப்பாவின் வயிறு எக்கும், நெஞ்சு உள்ளே போகும், மறுபடி வயிறு அமுங்கும். மூச்சு விடுவதற்கு உண்டான வேலை எல்லாம் நடக்கும், மூச்சு மட்டும் வராது. அம்மா விரலை மடக்கி எண்ணுவாள். இருபதைத் தாண்டினால் தோளைப் பிடித்து உலுக்குவாள். பெருஞ்சத்தத்தோடு காற்று உள்ளே இறங்கும். அப்பா கண்ணைத் திறக்காமலே புரண்டு படுப்பார். காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அமுக்குவான் வந்து உக்காருறான்டி" என்பாள் அப்பத்தா. தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்தாள். வீரப்ப அய்யனார் கோயில் திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டுத்தான் படுக்கச் சொல்வாள். அம்மா தன் பங்குக்கு ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். மல்லாக்கப் படுத்தால்தான் அப்படி ஆகிறது, ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை என்று. அதனால் இரண்டு உருட்டுத் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து வைப்பாள். பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் மல்லாந்து படுக்காமல் இருப்பதும் ஒரு சிகிச்சை என்று சொன்னபோது, எனக்கு அம்மாவின் உருட்டுத் தலையணைதான் முன்னால் வந்தது.

அதே டாக்டர்தான் கணக்கும் சொன்னார். பத்து வினாடி மூச்சு நின்றால் அது ஒரு தடவை. முழுக்க நிற்காமல் கணிசமாகக் குறைந்து, ரத்தத்தில் ஆக்சிஜனை இறக்கிவிட்டாலும் கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவைக்கு மேல் என்றால் நோய், 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. அம்மா ஒவ்வொரு தடவைக்கும் இருபது வரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

அப்பாவின் வண்டியில் கிளீனராகப் போன பையன் ஒருநாள் வீட்டில் வந்து சொன்னான். "அண்ணி, அண்ணே பேசிக்கிட்டே கண்ண மூடுறாக. எனக்குப் பயமா இருக்கு." அவனுக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை. சின்னமனூர் வந்தால் முகம் கழுவ வைப்பதும், உத்தமபாளையத்தில் டீ வாங்கிக் கொடுப்பதும், லோயர் கேம்ப் தாண்டி வளைவு தொடங்கியதும் வாய் ஓயாமல் பேசுவதும்தான் அவன் முக்கியமான வேலை. அப்பா புகையிலையை அடக்கிக்கொண்டு ஓட்டுவார். எத்தனை மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அந்த அசதி தீராது. ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே பக்கவாதம் வந்தது. பிரஷர் என்றார்கள். பிரஷருக்கும் ராத்திரி மூச்சுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சொல்ல அன்று யாரும் இல்லை. அந்தக் கிளீனர் பையன் மயானம் வரை அழுதுகொண்டே போனதாகத் தம்பி சொன்னான்.

தம்பி ஜீப் ஓட்டினான். போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். விடியும் முன்பே ஆட்களை ஏற்ற வேண்டும், சாயங்காலம் இறக்கிவிட வேண்டும். நாற்பது வயதுக்குள் கழுத்து தடித்து, அப்பாவின் குறட்டையும் வந்துவிட்டது. பிரஷருக்கு மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை. தேனியில் பார்த்த டாக்டர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர். மாத்திரையைக் கூட்டாமல், "பகல்ல தூங்குவீங்களா? வண்டி ஓட்டறப்போ அசத்துமா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன், மெட்டு வளைவில் ஒருதரம் வண்டி பாறையை உரசி நின்றதை.

போடி ரயிலை அகலப் பாதைக்காக நிறுத்தி வைத்திருந்த காலம் அது. பஸ்ஸில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை போனோம். தூக்கத்தைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதுசு. தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். கண் ஓரத்தில், தாடையில், காலில் ஒயர். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஆளுக்கொரு பெல்ட். மூக்கில் சின்னக் குழாய், விரலில் கிளிப். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு யார் தூங்குவார் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் தம்பி குறட்டை விட்டான்.

காலையில் அந்த டெக்னீசியன் பெண் கம்ப்யூட்டரில் காட்டினாள். மேலே மூச்சுக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே வந்து தட்டையாகப் போகிறது. அதே நேரத்தில் கீழே நெஞ்சின் கோடும் வயிற்றின் கோடும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடுகின்றன. அதற்கும் கீழே ஆக்சிஜன் கோடு சரிகிறது. 90, 84, 77. பிறகு மூளைக் கோட்டில் ஒரு கலவரம், மூச்சு திரும்புகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி அதே கதை. மணிக்கு 50-க்கு மேல். கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் அரைக் கண்ணில் நான் பார்த்தது எல்லாம் அந்தத் திரையில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தூங்கும்போது உடம்புச் சதை எல்லாம் தளர்கிறது. நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து பின்னால் சரிகின்றன. வழி குறுகினால் காற்று அதிர்கிறது, அது குறட்டை. வழி அடைத்தே போனால் மூச்சு நிற்கிறது. சிகிச்சை என்னவென்றால் காற்றையே முட்டுக் கொடுப்பது. எங்கள் பக்கம் வாழைக்கும் திராட்சைக்கும் தண்ணீர் கட்டுகிற பச்சை ஓஸ் இருக்கிறதே, மோட்டார் ஓடும்போது உருண்டு விறைத்துக் கிடக்கும், நிறுத்தினால் சப்பையாகிவிடும். தொண்டையும் அப்படித்தான். மிஷின் காற்றை ஒரே அழுத்தத்தில் விடாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் வரை அது சப்பையாகாது. அதற்குப் பெயர் சிபாப்.

அடுத்த ராத்திரி மாஸ்க் மாட்டி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்து, தம்பிக்கு 11 என்று முடிவு செய்தார்கள். 11 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம். நீளமான டம்ளரில் 11 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டு ஊதினால் குமிழி வருவதற்கு எவ்வளவு தம் கட்ட வேண்டுமோ அவ்வளவு. அவ்வளவு சின்ன அழுத்தம் போதும். அந்த ராத்திரிக்குப் பிறகு காலையில் எழுந்த தம்பி, முகத்தில் மாஸ்க் தழும்போடு கட்டிலில் உட்கார்ந்து, "அக்கா, தல லேசா இருக்குக்கா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மிஷின் வந்த கதையையும் அந்த டாக்டர்தான் சொன்னார். 1980-இல் ஆஸ்திரேலியாவில், சிட்னியில், காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு இதை மாட்டிப் பார்த்தார். அதற்கு முன்னால் கடுமையான நோய்க்கு ஒரே வழி கழுத்தில் துளை போடுவது. கட்டட வேலை செய்துகொண்டிருந்த அந்த நோயாளி துளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊத வைத்து, அந்தக் காற்றை மூக்கில் ஒட்டிய முகமூடி வழியாகச் செலுத்தினார். ராத்திரி முழுக்க அந்த மனிதர் மூச்சு தடைபடாமல் தூங்கினார். 1981-இல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருஷத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். கோட்டயம் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

மிஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. தம்பிக்கு அப்பா மாதிரியே பெரிய மீசை. மூக்கை மூடுகிற மாஸ்க் அந்த மீசை மேல் பொருந்தாது. காற்று ஓரத்தில் கசிந்து கண்ணுக்குள் அடிக்கும். "மீசைய எடுத்துருங்க" என்று மிஷின் விற்றவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி மிஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். என் நாத்தனார் மகள் மதுரையில் நர்ஸ். அவள்தான் மூக்குத் துளையில் மட்டும் பொருந்துகிற சிலிக்கோன் மாஸ்க் ஒன்று இருக்கிறது என்று வாங்கி அனுப்பினாள். மீசைக்கு மேலேயே உட்கார்ந்துகொள்ளும். மிஷின் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. எந்த மிஷின் உயர்ந்தது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு மனிதன் பிழைத்ததும் பிழைக்காமல் போயிருக்கக் கூடியதும் அந்தக் கட்டைவிரல் அளவு சிலிக்கோனில் இருந்தது. மாஸ்க்கைப் பற்றி விற்கிறவர்கள் இன்னும் பொறுமையாகப் பேச வேண்டும் என்று நான் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்கிறேன்.

மாஸ்க் சரியானதும் கரண்ட் பிரச்சினை. 2012-ஐ ஒட்டிய அந்த வருஷங்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் விளக்கு இருக்காது. நடு ராத்திரியில் மிஷின் நின்றால் தம்பி திணறி எழுந்து மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுப்பான். கரண்ட் வந்த பிறகு மறுபடி மாட்ட எழுந்திருக்க மாட்டான். அவன் மனைவி கழுத்துச் செயினை அடகு வைத்து இன்வெர்ட்டர் வாங்கினாள். ஃபிரிட்ஜ் அதற்குப் பிறகுதான் வந்தது. அம்மா விரலை மடக்கி எண்ணினாள். இவள் செயினைக் கொடுத்தாள். இந்த வியாதியில் பக்கத்தில் படுப்பவர்களின் பங்கை எழுதி மாளாது.

இரண்டாவது மிஷின் பெரியம்மாவுக்கு வந்தது. அம்மாவின் அக்கா. கனத்த உடம்பு. சின்ன வயசிலிருந்தே விறகடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்து பத்து ஆளுக்குச் சமைத்தவள். கல்யாண வீடுகளுக்கு அதிரசம் சுட என்று கூப்பிட்டால், பாகு பதத்தை விரலில் தொட்டுப் பார்த்தே சொல்வாள். வயதான பிறகு காலையில் எழுந்ததும் தலைவலி என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். கால் வீங்கியது. ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் கிளிப் மாட்டினார்கள். ஆக்சிஜன் குறைவாக இருந்தது. சிலிண்டரைத் திறந்து முழு வேகத்தில் வைத்தார்கள். கிளிப்பில் எண் ஏறியது, எங்களுக்கும் நிம்மதி. ஆனால் பெரியம்மாவின் மயக்கம் இன்னும் ஆழமாகப் போனது. மதுரைக்குக் கொண்டுபோன பிறகுதான் விஷயம் புரிந்தது. அவளுக்குத் தொண்டை அடைப்பு மட்டும் இல்லை. பல வருஷப் புகையில் நுரையீரலும் கெட்டிருந்தது. கனத்த உடம்பு வேறு. உள்ளே போகிற மூச்சும் போதவில்லை, கரியமில வாயு வெளியே போகவும் இல்லை. மணிக்கட்டு ரத்தக் குழாயில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 35-லிருந்து 45-க்குள் இருக்க வேண்டிய கரியமில வாயு அழுத்தம் இரண்டு பங்கை நெருங்கியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறும். கிளிப்பில் எண் மட்டும் நன்றாகத் தெரியும்.

அவளுக்கு மாட்டியது பைபாப். தம்பியின் மிஷின் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் ஒரே அழுத்தத்தில் ஊதும். இது இரண்டு அழுத்தம் வைத்திருக்கும். இழுக்கும்போது அதிகம், விடும்போது குறைவு. அந்த வித்தியாசம்தான் நுரையீரலுக்குள் காற்றைக் கூடுதலாகத் தள்ளி, தேங்கிய வாயுவை வெளியேற்றுகிறது. அடைப்பைத் திறப்பதோடு மூச்சு விடும் வேலையிலும் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் பெரியம்மா கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்குள்ளிருந்தே கையைக் காட்டி என்னவோ கேட்டாள். கழற்றிக் கேட்டால், "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியளா?"

அந்த மிஷினோடு அவள் பல வருஷம் இருந்தாள். கேஸ் அடுப்புக்கு மாறினாள். முதலில் "கழுதைக்குக் கடிவாளம்" என்று திட்டியவள், பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்களுக்கு அதை மாட்டிக் காட்டினாள். ஒரே ஒரு சங்கடம், சாமி கும்பிட்டுவிட்டுப் படுக்கிறவளுக்கு மாஸ்க் நெற்றித் திருநீற்றை அழித்துவிடும். மாஸ்க்கின் பட்டை மேல் கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

தம்பிக்கு அப்போது ஒரு குறை. பெரியம்மாவுடையது விலை கூடின மிஷின், தனக்கும் அது வேண்டும் என்றான். ஜீப்பில் அடுத்த மாடல் வாங்குவது மாதிரி எண்ணம். இந்த எண்ணம் அவனுக்கு மட்டும் இல்லை. இங்கே பலருக்கும் இருக்கிறது. சிபாப் கீழ், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ நடு, பைபாப் மேல் என்று வரிசை. அப்படி ஒரு வரிசை கிடையாது. அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேறு சிக்கல் இல்லாத சாதாரண அடைப்பு நோய்க்கு சிபாப் அல்லது ஆட்டோவே போதும், எடுத்த எடுப்பில் பைபாப் வேண்டியதில்லை என்றுதான் இருக்கிறது. வாயு தேங்குகிறவர்களுக்கும், உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து மூச்சு விட முடியாதவர்களுக்கும்தான் பைபாப். இதைவிட நுட்பமான இன்னொரு மிஷின் உண்டு, ஒவ்வொரு மூச்சையும் கணக்குப் பார்த்து உதவுவது. இதயம் பலவீனப்பட்டு, மூளையிலிருந்தே மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானபோது, மிஷின் மாட்டியவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். உடம்பு எது கேட்கிறதோ அதுதான் நல்ல மிஷின். தம்பியின் தொண்டை கேட்டது ஒரே அழுத்தம், 11. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலையில், ஒரு ராத்திரி தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அடுத்த தெருக்காரர். க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் படுக்கைக்குக் காத்திருக்கிறார்கள், "ஒங்க வீட்டுல ஆக்சிஜன் மிஷின் இருக்காமே, குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அது ஆக்சிஜன் தராது, நம் அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் அழுத்தி உள்ளே விடும் என்று அந்த நேரத்தில் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் நம்பவில்லை, கொடுக்க மனமில்லை என்று நினைத்திருப்பார். தம்பி ஜீப்பை எடுத்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனான்.

மூன்றாவது எனக்கு. பெண்களுக்கு இது வராது என்று நான் நினைத்ததில்லை, பெரியம்மாவைப் பார்த்தவள். ஆனால் எனக்குக் குறட்டை பெரிதாக இல்லை. தூக்கம் பிடிக்கவில்லை, காலையில் அசதி, காரணம் இல்லாத எரிச்சல். மாதவிடாய் நின்ற பிறகு எல்லோருக்கும் உள்ளதுதான் என்றார்கள். அந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது என்பதும், ஆண்களுக்குப் போலக் குறட்டையாக இல்லாமல் தூக்கமின்மையாகவும் சோர்வாகவும் அது வெளியே தெரியலாம் என்பதும் டாக்டர்களிலேயே பலருக்குத் தோன்றுவதில்லை. நான் ஒரு டாக்டரிடம் அழாக்குறையாகச் சொன்ன பிறகுதான் பரிசோதனை. நடுத்தரம்.

எனக்குக் கொடுத்தது ஆட்டோ. அழுத்தத்துக்கு ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் வைத்துவிடுவார்கள். மல்லாந்து படுத்தால் கூட்டிக்கொள்ளும், ஒருக்களித்தால் குறைத்துக்கொள்ளும். சளி பிடித்த ராத்திரியில் ஒரு அளவு, மற்ற நாளில் ஒரு அளவு. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்து அழுத்தம் பார்க்கிற வேலையும் மிச்சம். ஆனால் சராசரியாகப் பார்த்தால் ஒரே அழுத்த மிஷினும் இதுவும் பலனில் ஏறக்குறைய சமம்தான். சிலருக்கு அழுத்தம் மாறுவதே தூக்கத்தைக் கெடுக்கும். எனக்குக் கெடுக்கவில்லை. ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர்தான் கவனம். எங்கள் போர் தண்ணீரை ஒரு வாரம் ஊற்றினால் தொட்டியில் வெள்ளையாக உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் துடைத்துக் கவிழ்க்க வேண்டும். வாரம் ஒருமுறை குழாய்க்கு சோப்புத் தண்ணீர்.

எந்த மிஷினானாலும் மாட்டினால்தான். 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு சிபாப் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி மாரடைப்பும் பக்கவாதமும் வருவது அதனால் குறையவில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனசும் தெளிந்தது. அவர்கள் ராத்திரிக்கு மாட்டியிருந்தது சராசரி 3.3 மணி நேரம். நாலு மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. முழுத் தூக்கத்துக்கும் வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் தொண்டை அதிகம் தளர்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் விடிகாலையில்.

டிரைவர் லைசென்ஸுக்குக் கண்ணைப் பார்க்கிறார்கள். ராத்திரி எப்படித் தூங்குகிறாய், பகலில் அசத்துகிறதா என்று அதே இடத்தில் கேட்டால் என்ன? கழுத்தை ஒரு டேப் வைத்து அளந்தால் என்ன? கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருவர் ஸ்டீரிங் பிடிக்கிற தெருக்கள் இருக்கின்றன. குமுளி வளைவிலும் போடி மெட்டு வளைவிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறுகின்றன. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறவன் இந்த மிஷினுக்கு மட்டும் செயினை அடகு வைக்கிற நிலை மாற வேண்டும். நான் இதைக் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

இப்போது தம்பி மகன் லாரி ஓட்டுகிறான். முப்பது வயதுதான். அவன் மனைவி போன மாதம் என்னிடம் வந்து, "அத்தே, மூச்சு நிக்கிது. நான் போன்ல பிடிச்சு வச்சிருக்கேன்" என்று வீடியோவைக் காட்டினாள். இருட்டில் வயிறு எக்குவதும் நெஞ்சு அமுங்குவதும் தெரிந்தது. நான் முழுசாகப் பார்க்கவில்லை, கொஞ்சம் பார்த்ததும் போதும் என்று கொடுத்துவிட்டேன். தம்பிக்குப் பழைய மிஷினின் மோட்டார் சத்தம் போட ஆரம்பித்ததால் புதிது வாங்கியிருந்தோம். பழையது பரணில் கிடக்கிறது.

"அப்பா மிஷின் சும்மாதான கெடக்கு. அதையே மாட்டிக்கிறவா அத்தே?" என்று கேட்டான் அவன்.

"அது ஒங்கப்பன் தொண்டைக்கு வச்ச அளவுடா. ஒனக்கு அஞ்சு போதுமோ பதினஞ்சு வேணுமோ, யாருக்குத் தெரியும்? மிஷினே வேணாம், எடையக் கொறன்னு சொன்னாலும் சொல்லுவாக. மொதல்ல போய்ப் படுத்துப் பாரு."

"லோடு இருக்கே அத்தே."

"லோடு அடுத்த வாரமும் இருக்கும்."

இப்போது ரயில் மறுபடி ஓடுகிறது. அவன் மனைவி இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். வியாழக்கிழமை மதுரை போகிறார்கள். பசை போக முடி அலச ஷாம்பு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.